நெல் வயலில் நீர் பார்க்கும் குழாய்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் கால்வாயில் தண்ணீர் இருக்கிறதென்று வயலை நிரப்பியே வைப்பவர்கள் பலர். ஆனால், காற்றுப் புகாத அந்தச் சேற்றில்தான் நுண்ணுயிர்கள் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் கட்டினால் அது குறையும். எப்போது பாய்ச்சுவது என்பதை ஒரு குழாய் காட்டிவிடும். கை நுழையும் அகலமுள்ள, 30 செ.மீ. நீளமான பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதியை வரப்புக்கு அருகே சேற்றில் பதித்து, உள்ளிருக்கும் மண்ணை வழித்தெடுத்துவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் கழிந்தபின், குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே, 5 செ.மீ. உயரத்துக்கு மறுபடி பாய்ச்சலாம். மேல்மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் பதற வேண்டியதில்லை. பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் நீர் நின்றே ஆகவேண்டும். களை சற்றுக் கூடுமாதலால் கோனோவீடர் என்னும் களையெடுக்கும் கருவியைத் தயாராக வைத்திருங்கள்.