பிக்கப்பின் முதுகில் கேம்பர் அறை: என் அனுபவம்
நான்கு கதவு கொண்ட நடுத்தர பிக்கப்பின் சரக்குத் தொட்டி ஏறத்தாழ ஐந்தடி நீளமே இருப்பதால், அதில் இறக்கி வைக்கும் கேம்பர் அறையின் (பயணத்தில் தங்கிப் படுக்கும் பெட்டி அறை) எடைமையம் பின் அச்சுக்கு முன்னால் விழுகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மதுரைப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கிய அறையை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறியபோது, வளைவுகளில் ஸ்டீயரிங் பிடிப்பின்றி லேசாகச் சுழன்றது.

ஊர் திரும்பியதும், முன் சக்கரங்களை மட்டும் எடை மேடையில் நிறுத்தி, அறையுடனும் அறையில்லாமலும் எடை பார்த்தேன். அறை ஏறியதும் முன் அச்சின் எடை குறைந்தது, காரணம் அதுவே. பின் அச்சின் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டால் சரியாகிவிடும் என்றார் பட்டறைக்கார அண்ணன். பட்டை பின்புறத் தொய்வைக் குறைக்குமே தவிர, அச்சுகளுக்கிடையே எடை பகிரப்படும் விதத்தையோ, பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடை வரம்பையோ மாற்றாது என்பதால் நான் இணங்கவில்லை. பின்கதவருகே இருந்த 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் நீரே 60 கிலோ. அதையும் பேட்டரியையும் கேபினை ஒட்டிய முன்சுவருக்கு மாற்றியதும் முன் அச்சுக்கு எடை திரும்பியது.

அறை நகராமலிருக்க அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இட்டு, சரக்குத் தொட்டியின் மெல்லிய தகட்டில் அல்லாமல் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் செய்த தாங்கிகளிலிருந்து நான்கு மூலைகளையும் டர்ன்பக்கிளால் (திருகி இறுக்கும் இணைப்பு) இறுக்கினேன். ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் அவை தளர்வதால், திருமங்கலம் தாண்டுவதற்குள் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்கிவிடுகிறேன்.