கைட்லைனை விட அதிக தண்டனை குடுத்துட்டாங்களா? அமெரிக்க ஃபெடரல் கோர்ட்ல அப்பீல் போறது எப்படி

கைட்லைன்னா, குற்றத்தையும் பழைய ரெக்கார்டையும் வச்சு எத்தனை மாசம் தண்டனை குடுக்கலாம்னு சொல்ற ஃபெடரல் அளவுகோல். முதல்ல தேதியைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஜட்ஜ்மெண்ட் பதிவான நாள்லேர்ந்து 14 நாளுக்குள்ள நோட்டீஸ் ஆஃப் அப்பீல் (அப்பீல் போறோம்னு சொல்ற அறிவிப்பு) போட்டாகணும், அதுவும் தண்டனை குடுத்த அதே டிஸ்ட்ரிக்ட் கோர்ட்லதான் போடணும். தவறிடுச்சுன்னா சரியான காரணம் காட்டி இன்னொரு 30 நாள் வரைக்கும் டைம் கேக்கலாம், ஆனா அதை நம்பி உக்காந்துடாதீங்க. உள்ள இருக்கறவரு வக்கீல்கிட்ட "அப்பீல் போடுங்க"ன்னு தெளிவா சொல்லணும், எழுதிக் குடுத்தா இன்னும் நல்லது. ப்ளீ அக்ரிமெண்ட்ல (குற்றத்தை ஒத்துக்கிட்டு அரசு தரப்போட போடற ஒப்பந்தம்) அப்பீல் உரிமையை விட்டுக்குடுத்து கையெழுத்து போட்டிருந்தாக்கூட, அவரு கேட்டா வக்கீல் நோட்டீஸ் போட்டுத்தான் ஆகணும், 2019ல கார்ஸா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது அது. அந்த அக்ரிமெண்ட்டையும் எடுத்து வரி வரியா படிங்க, கைட்லைன் அளவைத் தாண்டின தண்டனைன்னா அப்பீல் போகலாம்னு நிறைய அக்ரிமெண்ட்ல விதிவிலக்கு இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். "கைட்லைன் இவ்ளோதானே சொல்லுது, ஜட்ஜ் எப்படி கூட குடுக்கலாம்"ங்கற கோபம் நியாயம்தான், ஆனா அதை மட்டும் வச்சு அப்பீல் ஜெயிக்காது. 2005ல புக்கர் தீர்ப்பு வந்ததிலேர்ந்து கைட்லைன் வெறும் ஆலோசனைதான், கட்டாயம் கிடையாது. 2007ல கால் வழக்குல இன்னும் தெளிவா சொல்லிட்டாங்க, அளவைத் தாண்டிட்டாங்கறதுக்காகவே ஒரு தண்டனையை தப்புன்னு மேல்கோர்ட் முடிவு பண்ணக்கூடாது, ஆனா எவ்ளோ தூரம் தாண்டுறாங்களோ அவ்ளோ வலுவான காரணம் ஜட்ஜ் சொல்லணும். நீங்க பிடிச்சுக்க வேண்டியது இந்த ரெண்டாவது பாதியைத்தான்.

அதுக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் (கோர்ட்ல பேசினதோட எழுத்துப் பதிவு) வேணும், நோட்டீஸ் போட்ட 14 நாளுக்குள்ள வக்கீல் அதை ஆர்டர் பண்ணணும். வந்ததும் முதல்ல கணக்கைப் பாக்கணும். கைட்லைன் டேபிள்ல குற்றத்துக்கு 43 லெவல், பழைய ரெக்கார்டுக்கு 6 கேட்டகரி, ஒரு கட்டம் மாறினாலே மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல வித்தியாசம் வரும். கணக்கு தப்புன்னு அப்பவே யாரும் ஆட்சேபிக்கலன்னாலும் வழி இருக்கு, 2016, 2018 ரெண்டு வருஷத்துலயும் சுப்ரீம் கோர்ட் அப்படிப்பட்ட தப்பைத் திருத்தறதுக்கு சாதகமாத்தான் தீர்ப்பு குடுத்திருக்கு. ஆனா ஜட்ஜ் "கைட்லைன் என்னவா இருந்தாலும் நான் இதைத்தான் குடுத்திருப்பேன்"னு சொல்லியிருந்தா அரசு தரப்பு அதையே பிடிச்சுக்கும், அதனால அந்த வரி இருக்கான்னு தேடுங்க.

அடுத்து காரணங்கள். அளவைத் தாண்டினா ஏன்னு ஜட்ஜ் கோர்ட்லயும் சொல்லணும், எழுத்துலயும் பதிவு பண்ணணும். பழைய கேஸெல்லாம் ஏற்கனவே கேட்டகரில சேர்ந்தாச்சு, அதையே திருப்பிச் சொல்லி தண்டனையைக் கூட்டியிருந்தா கைட்லைன் அளவு ஏன் பத்தலன்னு விளக்கம் இருக்கான்னு பாருங்க. நிரூபிக்காத விஷயத்தை உண்மைன்னு எடுத்துக்கிட்டாரா? ஜெயில்ல ட்ரீட்மெண்ட் ப்ரோக்ராம் முடிக்கட்டும்னு கூட்டினாரா? இந்தக் கடைசி காரணத்துக்காக சிறைக்காலத்தை நீட்டக்கூடாதுன்னு 2011ல டாப்பியா வழக்குலயே முடிவாயிடுச்சு.

தண்டனை மொத்தத்துல ரொம்ப நீளம்ங்கற வாதமும் வைக்கலாம், கீழ்கோர்ட்ல குறைவா குடுங்கன்னு கேட்டிருந்தாலே போதும்னு 2020ல ஹோல்கின் ஹெர்னாண்டஸ் தீர்ப்பு சொல்லுது. ஆனா நேர்மையா சொல்றேன், இந்த வாதம் மட்டும் ஜெயிக்கறது ரொம்ப கஷ்டம், நடைமுறைத் தப்பைத்தான் முன்னாடி வைக்கணும்.

குடும்பத்துக்காரங்க கிட்ட ஒரு வேண்டுகோள், மேல்கோர்ட்டுக்கு புதுசா லெட்டர், சர்ட்டிபிகேட் எல்லாம் அனுப்பாதீங்க, கீழ்கோர்ட் ரெக்கார்ட்ல இருக்கறதை மட்டும்தான் அவங்க பாப்பாங்க. அதெல்லாம் பத்திரமா எடுத்து வைங்க, ஏன்னா ஜெயிச்சா பெரும்பாலும் கேஸ் திரும்ப கீழ்கோர்ட்டுக்கே போகும், நிறைய தடவை அதே ஜட்ஜ்கிட்ட, அங்க மறுபடி தண்டனை விசாரணை நடக்கும்போது உதவும். அதே தண்டனையை ஒழுங்கா காரணம் சொல்லி திரும்பக் குடுக்கவும் வாய்ப்பிருக்கு. அரசு தரப்பு தனியா அப்பீல் போடாத வரைக்கும் மேல்கோர்ட் தானா தண்டனையைக் கூட்ட முடியாது, அது 2008ல க்ரீன்லா வழக்குல தீர்ந்த விஷயம். பணம் இல்லன்னு கவலைப்பட்டு 14 நாளை விட்டுடாதீங்க, கோர்ட் நியமிச்ச வக்கீல்னா அப்பீலுக்கும் வக்கீல் கிடைப்பாரு.