பழைய டெஸ்க்டாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிப்பது எப்படி? (கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு)

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே திருமண ஆல்பம், பிளக்ஸ் பேனர், மாம்பழப் பெட்டி லேபிள் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். இதற்கு நான் வைத்திருந்தது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டி. பெங்களூரு அலுவலகம் ஒன்று கழித்துக்கட்டியது, ஓசூர் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. புதிதாக ஒன்று வாங்கும் அளவுக்கு ஒரே நேரத்தில் பணம் சேரவில்லை. பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே வந்தேன். இப்போது அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் மிஞ்சியிருப்பது ஹார்டு டிஸ்க் மட்டும்தான். அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெட்டியைத் திறப்பது, திருகு கழற்றுவது, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கை வைப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். விலை எதையும் எழுதப் போவதில்லை. இரண்டு மாதத்தில் அது பொய்யாகிவிடும்.

முதலில் ஒரு கேள்வி

எந்தப் பாகத்தை வாங்கும் முன்பும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக்கு மதர்போர்டை மாற்றும்போது இது கூட வருமா?

எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) வரும். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் வரும். எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பெரும்பாலும் வரும் (அந்தப் 'பெரும்பாலும்' பற்றிக் கீழே நிறைய எழுதியிருக்கிறேன்). டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம் வராது. பழைய பிராசசர் வராது. வருவதைப் புதிதாக, நல்லதாக, பில்லோடு வாங்குங்கள். வராததைப் பழையதாக, மலிவாக வாங்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூன்றாம் தலைமுறை ஐ3-ஐக் கழற்றிவிட்டு அதே போர்டில் ஐ7 போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். அந்தப் பணம் அந்தப் போர்டோடு போய்விடும்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது?

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். 'மெயின்போர்டு' பக்கத்தில் போர்டின் மாடல் எண் இருக்கும். 'எஸ்பிடி' பக்கத்தில் எந்த ஸ்லாட்டில் எவ்வளவு ரேம், எந்த வகை என்பது இருக்கும். இரண்டையும் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் "என்ன போர்டுங்க?" என்று கேட்டால் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.

படி 2: எங்கே திணறுகிறது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே அதைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, பிராசசர் 20, 30-இல் கிடந்தால் ஹார்டு டிஸ்க்தான் தடை. ஆனால் ரேமும் 90-ஐத் தாண்டியிருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அப்போது குற்றம் டிஸ்க்கின் மேல் விழும், காரணம் ரேமாக இருக்கும். என் பெட்டியில் இரண்டுமே திணறின.

ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். அது மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால் மற்றதெல்லாம் பிறகு. முதலில் படங்களை வேறு இடத்தில் நகலெடுங்கள்.

கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குப் போனால், இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுத்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

படி 3: எஸ்எஸ்டி

முதல் செலவு இதுதான். சாதா ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும், ஹார்டு டிஸ்க்கின் அதே சாட்டா கேபிளில் செருகும் எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். எச்61 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள போர்டுகளில் சாட்டா வேகம் பாதிதான் கிடைக்கும். அப்படியும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எச்81 போர்டில் கேபிள் செருகும் இடங்களில் இரண்டு மட்டும் முழு வேகம், அவற்றில் ஒன்றில் செருகுங்கள். 240 ஜிபி வேண்டாம், ஒரு முகூர்த்த மாதத்திலேயே நிரம்பிவிடும். 500 வாங்குங்கள். நான் சாம்சங் அல்லது டபிள்யூடி தவிர வேறு பக்கம் போவதில்லை. பெயரே கேள்விப்படாத எஸ்எஸ்டியில் வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணப் படத்தை வைக்க எனக்குத் துணிவில்லை.

பழைய விண்டோஸை அப்படியே நகலெடுக்காமல் புதிதாக நிறுவுவதே என் வழக்கம். நிறுவும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் உட்கார்ந்துகொண்டு, துவக்கக் கோப்புகளை மட்டும் பழைய டிஸ்க்கில் போட்டுவிடக்கூடும். பிறகு என்றைக்காவது பழைய டிஸ்க்கை எடுத்தால் கணினி எழுந்திருக்காது. நிறுவி முடித்த பிறகு மாட்டி, படங்கள் வைக்கும் கிடங்காக அதை வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால் டிஸ்க் மாற்றினாலும் தானாகவே செயல்படும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று: நிறுவும் முன் எழுத்துருக்களை எடுத்து வையுங்கள். பழைய பிளக்ஸ் கோப்புகள் எல்லாம் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்று அடித்த இடத்தில் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஓர் அரைப்புள்ளி நிற்கும்.

*பின்சேர்க்கை:* விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையை முழுதாக நகலெடுத்தும் பாதி எழுத்துரு காணவில்லை என்று பாலக்கோட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். விண்டோஸ் 10-இல் எழுத்துருவை 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று சொல்லாமல் நிறுவினால் அது அந்தப் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அங்கேயும் தேடுங்கள்.

இந்த வேலைக்கு ஆடி மாதம் தோது. கல்யாணம் இல்லை, ஆல்பம் இல்லை, இரண்டு நாள் கணினி படுத்தாலும் யாரும் போன் செய்து கத்த மாட்டார்கள். மார்கழியும் அப்படியே.

படி 4: ரேம்

டிடிஆர்3 என்றால் பழையது போதும். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவாகப் போடுங்கள். மூன்றாம், நான்காம் தலைமுறை இன்டெல் போர்டுகளில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் உச்சம். டிடிஆர்3-இன் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் டிடிஆர்4 அதில் இறங்காது. அழுத்தி இறக்கப் பார்க்காதீர்கள். பழைய ரேமுக்கு நான் பெங்களூரு எஸ்.பி. ரோடு போகிறேன். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். கடையிலேயே ஒரு போர்டில் செருகிக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

*பின்சேர்க்கை:* இணையத்தில் பாதி விலைக்கு 8 ஜிபி டிடிஆர்3 கிடைத்தது, மாட்டினால் திரையே வரவில்லை என்று இரண்டு பேர் எழுதினார்கள். விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'ஏஎம்டி மட்டும்' என்று போட்டிருக்கும். ஏஎம்டி என்பது இன்டெல்லுக்குப் போட்டியான பிராசசர் நிறுவனம், அவை இன்டெல் போர்டில் வேலை செய்யாது. சர்வரில் இருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' ரேமும் அப்படித்தான்.

படி 5: எஸ்எம்பிஎஸ் (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

நான் அதிக நேரம் நின்றது இந்தப் படியில்தான்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை நம்பாதீர்கள். அதே லேபிளில் சிறிய அட்டவணை ஒன்று இருக்கும். +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான். 16 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 16, வெறும் 192 வாட். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த எண் 36-ஐ ஒட்டி இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று) உள்ளதாகப் பார்த்துப் புதிதாக வாங்குங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அது போகும்போது தனியாகப் போகாது.

இனி அந்தப் 'பெரும்பாலும்'. அசெம்பிள் செய்த பெட்டியில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தடித்த இணைப்பைப் பாருங்கள். இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு துளை, மொத்தம் 24. பக்கவாட்டுக் கொக்கியை விரலால் அழுத்தி, இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினால் கழன்று வரும். அலுவலகங்களில் இருந்து கழித்துவிடும் பிராண்ட் பெட்டிகள் பலவற்றில் அந்த இடத்தில் 8 துளையோ 6 துளையோதான் இருக்கும். கடையில் வாங்கும் எஸ்எம்பிஎஸ் அதில் நுழையவே நுழையாது. என்னுடையதும் அந்த ரகம். சில பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் உருவமே ஒல்லியாக, நீளமாக இருக்கும். சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை வைக்க உள்ளே இடமே இருக்காது.

24-இல் இருந்து 8-க்கு மாற்றும் கேபிள் இணையத்தில் விற்கிறார்கள், வேலையும் செய்கிறது. ஆனால் நான் அதை வாங்கவில்லை. அந்தப் பெட்டியின் ஆயுள் இன்னும் ஓர் ஆண்டு என்று தெரிந்த பிறகு அதற்கென்று ஒரு கேபிளா? எஸ்எம்பிஎஸ்ஸையும் கேபினட்டையும் கடைசித் தவணைக்குத் தள்ளிவைத்தேன். அப்படித் தள்ளினால் ஒரு கட்டுப்பாடு உண்டு: இடையில் கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுப்பதாக இருக்க வேண்டும். ஸ்லாட் தருவது 75 வாட் வரைதான், சில அலுவலகப் பெட்டிகள் அதைவிடவும் குறைவாகவே தரும். ஆல்பம் வேலைக்குக் கார்டு அவசியமே இல்லை, ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் ஓடும். விளையாட்டுக்குக் கேட்பவர்கள் ஜிடி 1030 வாங்குவதானால் ஜிடிடிஆர்5 ரகமா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதே பெயரில் டிடிஆர்4 ரகமும் விற்கிறது, வேகம் பாதிக்குப் பாதி.

மின்சாரம் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? அது பெரும்பாலும் எர்த்திங் கோளாறு. எங்கள் பக்கத்துச் செம்மண் சித்திரை வெயிலில் காய்ந்துவிடும், எர்த் குழியும் சேர்ந்து காய்ந்துவிடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் பிறகும் அடித்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றப் பக்கத்தில் இருந்தால் மின்சாரம் போகும் அந்தக் கணத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், கணினி அணைந்துவிடும். கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புளோயரால் தூசி ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 6: மொத்தமாக வாங்க வேண்டியது

மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் பிரித்து வாங்க முடியாது. பிரித்து வாங்கினால் ஒன்று வரும்வரை மற்றவை மேசையில் சும்மா கிடக்கும், வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும். மாதம் கொஞ்சமாக எடுத்துவைத்து இதைச் சமாளிப்பது கடினம். நான் ஏலச்சீட்டு போட்டேன். நடுவில் அவசரப்பட்டு ஏலம் கேட்டு எடுக்காதீர்கள், கழிவே ஒரு ரேமின் விலையை விழுங்கிவிடும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டியின் ரைசனில் 2000 வரிசை முதல். அதனால் அதற்குக் கீழே எதிலும் பணம் போடாதீர்கள். ஆறாம் தலைமுறை போர்டில் எட்டாம் தலைமுறை பிராசசர் பொருந்துவதுபோல் தோன்றும், பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயரும் 1151தான். ஆனால் இயங்காது, 300 வரிசை சிப்செட் வேண்டும்.

என் தேர்வு எச்610 போர்டு, ஐ3-12100. பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரை வராது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். இந்தப் போர்டு டிடிஆர்4 ரகத்திலும் டிடிஆர்5 ரகத்திலும் வருகிறது, ஒன்றில் மற்றது ஏறாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான ரேம் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பிவிட்டார்கள். அதனால் டிடிஆர்4 போர்டு எடுத்து, பழைய 8 ஜிபி ஒன்று போட்டு ஆரம்பித்து, விலை இறங்கும்போது இன்னொன்று சேர்ப்பதே நம் கைக்கு அடக்கம்.

மதர்போர்டு மாறினால் பெட்டியோடு வந்த விண்டோஸ் உரிமம் கூட வராது. அதையும் கணக்கில் வையுங்கள். பழைய போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் கழற்றித் தனித்தனியாக விற்காமல் ஒரே செட்டாகக் கொடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

*பின்சேர்க்கை:* எல்லாம் மாட்டிய பிறகு மானிட்டரை எங்கே செருகுவது என்று தெரியவில்லை என்று தருமபுரியிலிருந்து ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். அவருடைய மானிட்டரில் விஜிஏ மட்டும், போர்டில் எச்டிஎம்ஐ மட்டும். எச்610 போர்டுகள் பலவற்றில் இரண்டும் உண்டு. வாங்கும் முன் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும் படத்தைப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் சிறிய அடாப்டர் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். அது ஒருவழிப் பொருள், கேட்கும்போது எதிலிருந்து எதற்கு என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.