விவாகரத்து வழக்கில் பழி சொல்லும்போது செய்யும் தவறுகள்

மனுவிலும், அதற்குப் பதிலாகப் போடும் கவுன்டரிலும் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் பதில் சொல்லியாக வேண்டும். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வரும் கணவன், மனைவி இருவருமே கோபத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

மிக மோசமான தவறு, நடத்தையைக் குறைசொல்லி எழுதுவது. ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்து, ஆதாரமே இல்லாமல் மனைவிக்குக் கள்ளத்தொடர்பு என்று கவுன்டரில் எழுதுவார்கள். நிரூபிக்க முடியாவிட்டால் அந்தப் பழியே மனைவிக்கு விவாகரத்து வாங்கித் தந்துவிடும். திருத்த மனு போட்டு அந்த வரிகளை நீக்கினாலும் செய்த கொடுமை மறையாது என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவிக்கும் இதே அளவுகோல்தான். மாமனார், மாமியார் மீது அவதூறான பொய்ப் புகார் கொடுத்ததே மனக்கொடுமை என்று 2013இல் ஒரு கணவருக்கு விவாகரத்து கிடைத்தது.

மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைப் புகார் எழுதும்போது, சென்னையில் இருக்கும் நாத்தனார், ஓசூரில் இருக்கும் கொழுந்தனார் என்று எல்லார் பெயரையும் சேர்ப்பது இன்னொரு வழக்கம். யார், எப்போது, என்ன செய்தார் என்று தனித்தனியாகச் சொல்லாத புகாரை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிடலாம். உண்மையிலேயே அடித்தவர் மீதான வழக்கும் அதோடு வலுவிழக்கும். "ஆடிச் சீர் குறைவு என்று எப்போதும் அடிப்பார்" என்ற வரியால் பயன் இல்லை. தேதி, இடம், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள், அடுத்த நாள் எந்த மருத்துவமனை என்பது வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மானத்துக்குப் பயந்து "கீழே விழுந்துட்டேன்" என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்டு வாங்குவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான்.

கணவர் தரப்பு செய்யும் தவறு, கைதாகிவிடுவோம் என்று பயந்து தலைமறைவாவது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றத்துக்கான பழைய 498ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. இதில் உடனே கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பது 2014 முதல் உச்ச நீதிமன்றம் போட்ட விதி. நோட்டீஸை மதித்து விசாரணைக்குப் போகாவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் எடுத்து வைத்தால் மட்டும் சாட்சியம் ஆகாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை விற்பதும் ரீசெட் செய்வதும் வேண்டாம். குடும்ப குரூப்பில் திட்டி எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். அதுவும் ஒருநாள் கோர்ட்டில் உங்களுக்கு எதிரான ஆவணமாகக் குறிக்கப்படும்.

குடியாத்தம், அணைக்கட்டு பக்கங்களில் பெரியவர்கள் உட்கார்ந்து ஸ்டாம்ப் பேப்பரில் முச்சலிக்கை (ஒப்புதல் பத்திரம்) எழுதி "தீர்த்துவிடுவது" இன்றும் நடக்கிறது. நகை, சீர்வரிசைப் பட்டியலுக்கு அது உதவும். ஆனால் திருமணத்தை முறிக்காது. தொன்றுதொட்டு வரும் சாதி வழக்கம் என்று நிரூபிக்க முடிந்தால் ஒழிய, அதை நம்பி மறுமணம் செய்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை. இருவரும் சம்மதித்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போடுவதே சுலபம்: ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. இந்தப் பிரிவு இந்துக்களுக்கானது. ஆம்பூர், மேல்விஷாரம் முஸ்லிம் குடும்பங்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அவரவர் சட்டம்.

ஜீவனாம்ச வழக்கில் சம்பளத்தை மறைப்பது வீண் வேலை. 2020 தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். மாதத் தொகையைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகப் போடுங்கள். கையில் கொடுத்ததை "வரவே இல்லை" என்று சொன்னால் மறுக்க வழி இருக்காது.

சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நிற்காது. நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிடும், அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.