மலைநாட்டிலிருந்து விண்வெளி நிலையம் வழியாகச் செய்தி அனுப்பும் முறை

2014 ஒக்டோபர் 29 அன்று இலங்கை மலைநாட்டின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியதை அறிந்த எவருக்கும், அடைமழையில் பாதையும் கைத்தொலைபேசிக் கோபுரமும் ஒன்றாக முடங்கினால் ஒரு தோட்டம் எவ்வளவு தனித்துப்போகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த நிலையிலும் ஒரு கையடக்க வானொலியைக் கொண்டு, தலைக்கு மேல் ஏறத்தாழ 420 கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வழியாகச் சிறு எழுத்துச் செய்திகளை அனுப்ப முடியும். அதிலுள்ள அமெச்சூர் வானொலிக் கருவி 145.825 மெகாஹேர்ட்ஸில் ஏபிஆர்எஸ் பொதிகளை, அதாவது எழுத்துச் செய்திகளைச் சிறு துண்டுகளாக வானொலியில் அனுப்பும் முறையின் துண்டுகளை, கேட்டு, அதே அலைவரிசையில் உடனே திருப்பி ஒலிபரப்புகிறது.

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அமெச்சூர் அனுமதிப்பத்திரமும் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறியும் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. கேட்டுப் பழகுவதை முதலில் தொடங்கலாம்.

ஏபிஆர்எஸ் உள்ளமைந்த வானொலி இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால், 5 வாற்று கையடக்க வானொலியை ஒரு கேபிளால் கைத்தொலைபேசியுடன் இணைத்து, ஏபிஆர்எஸ்டிரொயிட் செயலியைப் பயன்படுத்தலாம். செயலியில் பாதை என்ற இடத்தில் தரைநிலையங்களுக்காக இருக்கும் வைட்1-1 என்பதை நீக்கிவிட்டு ஏஆர்ஐஎஸ்எஸ் என்று ஆங்கில எழுத்துகளில் இடுங்கள். அழைப்புக்குறியின் பின்னால் கையில் கொண்டு செல்லும் நிலையத்துக்கு -7, வாகனத்துக்கு -9 சேர்ப்பது வழக்கம். வானொலியின் மின்கலச் சேமிப்பு முறையைக் கட்டாயம் நிறுத்துங்கள். அதை நிறுத்தாததால் திரும்பி வரும் பொதிகளின் தலைப்பகுதி வெட்டுப்பட்டு, மூன்று கடவைகளில் (நிலையம் நம் வானைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கடவை) ஒலி காதில் தெளிவாகக் கேட்டும் திரையில் ஓர் எழுத்துக்கூட வராமல் நான் தவித்திருக்கிறேன். குறுகிய எஃப்எம் வேண்டாம், அகன்ற எஃப்எம்மே வேண்டும். நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை சற்று நகரும் டொப்ளர் விலகல் இந்த அலைவரிசையில் 3.5 கிலோஹேர்ட்ஸுக்குள் அடங்குவதால், அலைவரிசையை இடையில் மாற்றும் தேவை எழாது.

வானொலியுடன் வரும் குட்டை அன்டெனா போதாது. 49 சென்ரிமீற்றர் நீளமுள்ள தண்டு அன்டெனாவைப் பொருத்தி, அதன் அடிப்பகுதியின் உலோக வளையத்தில் அதே நீளத்துக்கு ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றித் தொங்கவிட்டால், அந்தக் கம்பி நிலத்தின் வேலையைச் செய்து குறிப்பிடத்தக்க வேறுபாட்டைத் தரும். ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் மூன்று தண்டு யாகி அன்டெனா இருந்தால் இன்னும் நல்லது. மூடுபனியும் மழையும் இந்த அலைவரிசையைத் தடுப்பதில்லை. ஆனால் இணைப்பிக்குள் நீர் இறங்கினால் எல்லாம் கெடும்.

மலைநாட்டில் உண்மையான சிக்கல் தொடுவானம்தான். கடவை நேரம் சொல்லும் செயலிகள் நிலையம் பூச்சியப் பாகையில் உதிப்பதாகக் கணக்கிட்டு, தலைக்கு மேலான ஒரு கடவைக்குப் பத்து நிமிடம் காட்டும். பள்ளத்தாக்கில் சுற்றிலும் 30 பாகைக்கு மலை எழுந்து நின்றால், அதில் மூன்று நிமிடமே மிஞ்சும். ஆகவே கையை முழுவதும் நீட்டி, விரல்களை மடக்கி முட்டியாகப் பிடியுங்கள். ஒரு முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. தொடுவானிலிருந்து மலைமுகடு வரை எத்தனை முட்டிகள் என்று எட்டுத் திசைகளிலும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டால், எந்தக் கடவை உங்களுக்கு உதவும் என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். ஹப்புத்தளை மலைவிளிம்பில் தெற்கு வானம் சமவெளி வரை திறந்திருப்பதால், அங்கு தாழ்வான தென்திசைக் கடவையும் வீணாகாது. வாகனத்தில் செல்பவர் வளைவுகளில் ஓடிக்கொண்டே முயலாமல், திறந்த மேட்டில் நிறுத்துவதே நல்லது.

கடவை தொடங்கியதும் முதலில் கேளுங்கள். பொதிகள் வரத் தொடங்கியபின் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, அன்டெனாவை மெதுவாகத் திருகிப் பாருங்கள். அலையின் முனைவாக்கம், அதாவது அது அதிரும் திசை, மாறிக்கொண்டேயிருப்பதால், நேராகப் பிடித்தபோது மங்கிய ஒலி சாய்த்தபோது எழும். நொடியளவில் உங்கள் பொதியே திரும்பி வந்து, திரையில் பாதையின் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியுடன் தோன்றினால் அது மேலே சென்று திரும்பிவிட்டது என்று பொருள். முதன்முதலில் அந்தக் குறியைக் கண்டபோது தேயிலைச் செடிகளுக்கிடையே நின்றபடியே உரக்கக் கூவிவிட்டேன். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை என்பதால் நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுப்பாதீர்கள். செய்தி 67 எழுத்துக்குறிகளுக்குள் இருக்க வேண்டும். மறைகுறியாக்கமும் வணிகச் செய்தியும் அனுமதிக்கப்படுவதில்லை.

மறுமுனையில் ஒருவர் கேட்காவிட்டால் செய்தி எங்கும் சேராது. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அதே கடவையின் பார்வைக்குள் இருப்பதால், அங்குள்ள உரிமம் பெற்ற ஒருவருடன் நேரத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வீரர்கள் விண்நடை செல்லும்போதும் விண்கலங்கள் வந்து பொருந்தும்போதும் நிலையத்தின் வானொலி நிறுத்தப்படும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தோனேசியாவின் ஐஓ-86 என்ற அமெச்சூர் வானொலிக் கருவி கொண்ட செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்வில் சுற்றுவதால் ஒவ்வொரு சுற்றிலும் நம் வானில் உதிக்கிறது; அதன் கருவி எப்போதும் இயங்குவதில்லை என்பதால் அட்டவணையைப் பார்த்தே முயல வேண்டும்.

சுற்றுப்பாதைத் தரவுகள் சில நாட்களிலேயே பழசாகிவிடும். அவற்றைப் புதுப்பிக்க இணையம் வேண்டும். எனவே மழை எச்சரிக்கை வந்த அன்றே தரவைப் புதுப்பித்து, அடுத்த ஐந்து நாட்களுக்குரிய நல்ல கடவைகளின் நேரத்தையும் திசையையும் பேனாவால் எழுதி, ஒரு பிளாஸ்டிக் உறையில் வானொலியுடனேயே வைத்துவிடுங்கள்.