பழைய சின்தசைசரையும் டிரம் மெஷினையும் வீட்டில் ஒலிப்பதிவு செய்யும் முறை

கோயில் கொடை விழா மேடைகளிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் பல வருடம் ஏறி இறங்கிய சின்தசைசர் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தால், அதை வாசித்துப் பார்ப்பதற்கு முன் அதன் பின்பலகையைப் படிக்க வேண்டும். ஜப்பானில் விற்பதற்காகச் செய்த கருவி 100 வோல்ட்டுக்கு உரியது. அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டுப் பிளக்கில் வருவதோ 230 வோல்ட். இடையில் உரிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால், நாற்பது வருடம் பிழைத்திருந்த கருவி ஒரு நொடியில் போய்விடும்.

அடுத்து, கருவியின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ 106 சின்தசைசருக்கு ஆறு குரல்கள் உண்டு, அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். ஆறு கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தி விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ஆறும் ஒரே தன்மையில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் ஊமையாகவோ கரகரப்பாகவோ வந்தால் அந்தக் குரலுக்குரிய சிப் பழுதாகியிருக்கும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ் 7 சின்தசைசரில் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் பேட்டரி. அது தீர்ந்தால் முந்தைய உரிமையாளர் உருவாக்கி வைத்திருந்த 32 ஒலிகளும் அழிந்துவிடும். ஆகையால் பேட்டரியை மாற்றுவதற்கு முன்பே அவற்றை மிடி (இசைக் கருவிகளும் கணினியும் சுரக் கட்டளைகளையும் தரவையும் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு) வழியாகக் கணினிக்கு அனுப்பிச் சேமித்துவிடுங்கள். அந்த ஒலிகளில் ஒரு கலைஞரின் பல வருட உழைப்பு இருக்கலாம். அதைக் காப்பாற்றுவது நம் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

மின்சார விஷயத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு மாலை கரண்ட் போனபோது வீட்டு இன்வர்ட்டரின் துணையோடு பதிவைத் தொடர்ந்தேன். மறுநாள் கேட்டால், மெதுவான பகுதிகளின் அடியில் எல்லாம் வண்டு ரீங்கரிப்பதுபோல ஓர் இரைச்சல். அந்த இன்வர்ட்டர் தந்தது சைன் அலை அல்ல, சதுர அலை. அதன் கூர்மையான விளிம்புகள் பழைய கருவியின் பவர் சப்ளை வழியாக ஒலிக்குள் புகுந்துவிட்டன. கரண்ட் வரும்வரை காத்திருப்பதே நல்லது. சாதாரண நேரத்திலும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் உறுமல் கேட்டால், எல்லாக் கருவிகளையும் கணினியையும் ஒரே பிளக் போர்டில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவிக்கும் பதிவுக்கும் இடையிலான நேரடி மின் இணைப்பைப் பிரிக்கும் சிறு பெட்டி) ஒன்றை நடுவில் வையுங்கள். உறுமலை நிறுத்துவதற்காக எர்த் பின்னைக் கழற்றும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

கேபிள் வழியே நேரடியாகப் பதிவாகும் கருவிக்கு ஊர்ச் சத்தம் ஒரு தடையல்ல. கொடை நாளில் தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கி அலறினாலும் சின்தசைசரின் பதிவில் அது விழாது. ஹெட்போன் ஒன்று போதும். மைக் வைத்துப் பதிய வேண்டிய உடுக்கையையும் வில்லுப்பாட்டுக் குடத்தையும் மட்டும் ஊர் அடங்கிய பின் வைத்துக்கொள்ளலாம்.

ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் மைக் துளையை விட்டுவிட்டு லைன் துளையில் இணையுங்கள். கருவியின் வால்யூமை முக்கால் அளவுக்கு மேல் வைத்து, இன்டர்ஃபேஸின் கெயினைக் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் குமிழை) கொண்டு அளவைச் சரிசெய்யுங்கள். கருவியில் குறைத்து இன்டர்ஃபேஸில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். 24 பிட்டில் பதிகிறவர்கள் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். சிவப்பு விளக்கை ஒட்டி ஓட்ட வேண்டிய தேவை டேப் காலத்தோடு முடிந்துவிட்டது.

அனலாக் ஆசிலேட்டர் (சுரத்தைப் பிறப்பிக்கும் மின்சுற்று) உள்ள கருவிகளை அரை மணி நேரம் சூடேற விட்ட பிறகே சுருதி சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் பகலில் சேர்த்த சுருதி இரவில் நிற்காது. ஜூனோ வகையில் ஆசிலேட்டர்களை டிஜிட்டல் கடிகாரம் கட்டுப்படுத்துவதால் அவை அவ்வளவாக அலையாது. நாதஸ்வரத்தோடு சேர்த்துப் பதிகிறீர்கள் என்றால், நாதஸ்வரம் கீபோர்டுகளின் வழக்கமான சுருதியான 440 ஹெர்ட்ஸ் கணக்குக்கு இறங்கி வராது. கருவியின் டியூன் குமிழைத் திருப்பி அதனிடம் நீங்கள்தான் போக வேண்டும். சேர்ந்த இடத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் மறுநாள் தேட வேண்டியதில்லை.

வாசிப்பதை ஒலியாகப் பதியும்போதே மிடியாகவும் பதிந்து வையுங்கள். பிசகிய ஒரு சுரத்தைத் திருத்தி, கருவியையே மீண்டும் வாசிக்கச் செய்யலாம். டிஎக்ஸ் 7இல் ஒரு நுட்பம் உண்டு. அதன் சொந்தக் கட்டைகளை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் வேகமதிப்பு (கட்டையை அழுத்தும் வேகத்தை மிடி சொல்லும் எண்) அதன் உச்சமான 127ஐ எட்டுவதில்லை. புதிய கீபோர்டிலிருந்து முழு வேகத்தில் அனுப்பினால், அதன் மணி போன்ற ஓசை காதைக் கீறும் அளவுக்குக் கூர்மையாகிவிடும். அப்போது மிடி மதிப்பை நூறுக்குக் கீழே இறக்கினால் பழைய குணம் திரும்பிவிடும்.

டிரம் மெஷின்தான் அதிகப் பொறுமையைக் கேட்கும். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர் 808க்கு மிடி கிடையாது; கருவிகளை ஒரே தாளத்தில் ஓட்ட, கால் பங்குச் சுரத்துக்கு (ஓர் அடிக்கு) 24 துடிப்புகள் வீதம் செல்லும் டின் சிங்க் என்ற இணைப்பு மட்டுமே உண்டு. மிடி கடிகாரத்தை டின் சிங்காக மாற்றும் சிறு பெட்டி இருந்தால் கணினியே அதை ஓட்டும். அதன் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி அவுட் இருப்பதால், இரண்டு துளை மட்டுமே உள்ள இன்டர்ஃபேஸிலும் கிக், ஸ்னேர், ஹை ஹாட் என்று சுற்றுச் சுற்றாகத் தனித்தனியே பதியலாம். ஒவ்வொரு சுற்றும் சில மில்லி நொடி முன்பின்னாகத் தொடங்கும். அதற்காக, பாட்டுக்கு முந்தைய வெற்று ஆவர்த்தனத்தின் முதல் அடியில் அந்தந்த வாத்தியத்தின் ஒற்றைத் தட்டை வையுங்கள். பிறகு கணினியில் அந்தத் தட்டுகளின் அலைமுனைகளைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரே கோட்டில் நிறுத்தி, பாட்டு தொடங்கும் இடத்துக்கு முன்பாக வெட்டிவிடலாம்.

எஃபெக்டுகளில், ஒலியின் உடம்பிலேயே இருப்பதைச் சேர்த்துப் பதியுங்கள்; ஒலியைத் தடிமனாக்கும் ஜூனோவின் கோரஸ் இல்லாமல் ஜூனோ இல்லை, அதை இரண்டு அவுட்டிலிருந்தும் ஸ்டீரியோவாக எடுங்கள். எதிரொலியையும் (டிலே) அறை முழக்கம் தரும் ரிவெர்பையும் பின்னால் சேர்ப்பதே என் வழக்கம்: பதிந்த டிராக்கை இன்டர்ஃபேஸின் அவுட் வழியே பெடலுக்கு அனுப்பி, திரும்பி வருவதைப் புதிய டிராக்கில் பிடிக்க வேண்டும். கிதார் பெடல்கள் மெல்லிய சிக்னலுக்குப் பழகியவை, எனவே அனுப்பும் அளவை நன்றாகக் குறைத்துத் தொடங்குங்கள். டிலேயின் நேரத்துக்குக் கணக்கு எளிது: 60,000ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணால்) வகுத்தால் ஓர் அடிக்குரிய மில்லி நொடி கிடைக்கும். டெம்போ 96 என்றால் 625. உடுக்கை திஸ்ர நடையில் (ஓர் அடிக்கு மூன்று தட்டு) போகும் பாட்டுக்கு அதை மூன்றாக்கி 208இல் வைத்தால், எதிரொலியின் ஒவ்வொரு தட்டும் உடுக்கைக்காரரின் விரலோடு சேர்ந்தே விழும்.