"சிஸ்டம் போட்ட வாடகை" என்று சொன்னால்

கலிபோர்னியாவின் சன்னிவேலில் இரண்டு பெட்ரூம் வாடகை வீடு. மாதம் 3,150 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தோம். லீஸ் (வாடகை ஒப்பந்தம்) ரினியூவல் கடிதத்தில் 3,410 என்று இருந்தது. ஏன் என்று கேட்டால், "சிஸ்டம் போட்ட ரேட், எங்கள் கையில் இல்லை" என்றார் லீசிங் ஆபீஸ் பெண். உங்களுக்கும் இதே பதில் வந்தால், உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் கட்டடத்தின் வயதைப் பாருங்கள். கலிபோர்னியாவில் 15 ஆண்டு தாண்டிய பெரும்பாலான அபார்ட்மென்ட்களில், வாடகையை ஓராண்டில் 5 சதவீதத்தோடு விலைவாசி உயர்வைச் சேர்த்த அளவுக்குத்தான் ஏற்றலாம். அதுவும் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எங்களுடையது 2016இல் கட்டியது. சரி, அந்த வழி இல்லை.

2024 ஆகஸ்டில், வாடகை விலையைப் பரிந்துரைக்கும் மென்பொருள் விற்கும் ரியல்பேஜ் நிறுவனத்தின் மேல் அமெரிக்க நீதித்துறையும் கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்களும் போட்ட வழக்கைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. போட்டியாளர்கள் வெளியே சொல்லாத வாடகை விவரங்களைக் கலந்து அதன் மென்பொருள் விலை சொல்கிறது; அதை ஏற்பது சுலபம், மறுத்தால் மேலாளர் காரணம் எழுத வேண்டும் என்பது குற்றச்சாட்டு. (எங்கள் கட்டடத்தில் எந்த மென்பொருள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.) ஆக, அந்தப் பெண்ணோடு சண்டை போட்டுப் பயனில்லை. அவர் எழுத ஒரு காரணத்தை நாமே கொடுக்க வேண்டும்.

அவர்களுடைய தளத்திலேயே எங்கள் வீட்டைப் போன்ற காலி வீடு 3,225க்கு இருந்தது. தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். கூடவே 10 முதல் 15 மாதம் வரை ஒவ்வொரு லீஸுக்கும் தனித்தனி விலை கேட்டேன். ஒரே மாதத்தில் நிறைய வீடுகள் காலியாவதை இந்த மென்பொருள்கள் தவிர்க்கப் பார்க்கும். அதனால் லீஸ் முடியும் மாதம் மாறினால் விலையும் மாறும். 14 மாதத்துக்கு 3,240 என்று பதில் வந்தது. எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு கேள்வியையும் எழுத்தில் கேளுங்கள்: விலையை முடிவு செய்வது யார், மற்ற உரிமையாளர்களின் விவரம் அதில் சேர்கிறதா? பலர் பொதுவாகப் பயன்படுத்தும் அல்காரிதம் சொல்லும் விலையை ஏற்கச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்துவது 2026 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் சட்டவிரோதம். சான் பிரான்சிஸ்கோ 2024லேயே இத்தகைய வாடகை மென்பொருளுக்குத் தடை போட்டுவிட்டது. பதில் மழுப்பலாக வந்தால், மாநில அட்டர்னி ஜெனரல் தளத்தில் உள்ள புகார் படிவத்தோடு கடிதம், ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். "சிஸ்டம் போட்டது" என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தால், "நீங்கள் இன்று சொன்னபடி" என்று ஆரம்பித்து அன்றே ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள்.